சின்ன சர்வருக்கு எந்த மானிட்டரிங் டூல்? ஓட்டிப் பாத்ததுல தேறினது, தேறாதது

மாசம் சில நூறு ரூபாய்ல கிடைக்கிற 1 ஜிபி, 2 ஜிபி ராம் விபிஎஸ் (ஒரு பெரிய மெஷினைப் பிரிச்சு வாடகைக்கு விடுற குட்டி சர்வர்) வச்சு வெப்சைட்டோ பில்லிங் சாஃப்ட்வேரோ ஒரு ஆப்போட பேக்கெண்டோ ஓட்டுறவங்களுக்காக இதை எழுதுறேன். நானும் அந்த வேலை தான் பண்றேன், சொந்தமா சிலது, மத்தவங்களுக்குப் பாத்துக் குடுக்கிறது சிலது. இந்த சைஸ் மெஷினுக்கு மானிட்டரிங்னு தேடுனா எல்லாரும் முதல்ல கைகாட்டுறது நம்பரை சேத்து வைக்கிற ப்ரொமீதியஸும் அதை கிராஃபா காட்டுற கிராஃபானாவும் தான். நல்ல டூல் தான், சந்தேகமே இல்ல, ஆனா 1 ஜிபி மெஷின்ல அது ரெண்டையும் ஏத்துனா சைட் ஓடுறதுக்கு மிச்சம் என்ன இருக்கும்? அதனால லேசான, ஓப்பன் சோர்ஸ் டூல் எதெதுன்னு தேடித் தேடி போட்டு ஓட்டிப் பாத்தேன், அதைப் பத்தின என் கருத்து தான் இது.

நான் பாக்குறது மூணே விஷயம். டூல் தனக்குன்னு எவ்ளோ ராமும் சிபியுவும் எடுத்துக்குது. நான் ஸ்க்ரீன் முன்னாடி இல்லாதப்போ பிரச்சனை வந்தா என் போனுக்கு சொல்லுமா. நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு காலைல பின்னாடி போய் பாக்க முடியுமா. கிராஃப் எவ்ளோ அழகா இருக்குங்கிறது என் கணக்குலயே இல்ல, ஏன்னா அழகான டேஷ்போர்டை யாரும் நாள் முழுக்க பாத்துட்டு உக்காந்திருக்கப் போறதில்ல.

முதல்ல ஹெச்டாப், சர்வர்ல இப்போ ஓடிட்டு இருக்கிற ப்ராசஸ் (ப்ரோக்ராம்) எல்லாத்தையும் டெர்மினல்ல காட்டுற டூல். எந்த சர்வர்ல நுழைஞ்சாலும் கை தானா அடிக்கிறது இதைத்தான். ஹிஷாம் முகமதுன்னு ஒருத்தர் 2004-ல ஆரம்பிச்சது, 2020-ல ஒரு புது டீம் எடுத்து 3.0 வெளியிட்டாங்க, அதுலேந்து ஒழுங்கா மெயின்டெயின் ஆகுது. எஃப்5 அடிச்சா எந்த ப்ராசஸ் எதோட பிள்ளைன்னு மரம் மாதிரி விரிச்சுக் காட்டும், எஃப்6-ல சார்ட், எஃப்4-ல ஃபில்டர், இது மூணு தெரிஞ்சாலே போதும். ராம் எடுத்துக்கிறது ரொம்ப சொற்பம், மூடிட்டா அதுவும் இல்ல.

ஆனா ஹெச்டாப் காட்டுற நம்பரை சரியா படிக்கத் தெரியணும், இங்க தான் நெறைய பேரு குழம்புறாங்க. லோட் ஆவரேஜ் 8-ன்னு காட்டுது, சிபியு பாத்தா 10% கூட ஓடல, டூல் பொய் சொல்லுதான்னு கேப்பாங்க. பொய் இல்ல. லினக்ஸ்ல லோட் கணக்குல சிபியு கிடைக்கட்டும்னு காத்திருக்கிற ப்ராசஸ் மட்டும் வராது, டிஸ்க் பதில் சொல்லட்டும்னு மாட்டிக்கிட்டு நிக்கிற ப்ராசஸும் சேந்து வரும். அந்த ப்ராசஸுக்கு ஸ்டேட் காலம்ல டி (D)-ன்னு எழுத்து இருக்கும், கில் கொடுத்தாலும் சட்டுன்னு சாகாது. லோட் ஏறியிருக்கு, சிபியு சும்மா இருக்கு, டி வரிசையா நிக்குதுன்னா பிரச்சனை கோட்ல இல்ல, டிஸ்க்ல. இதே மாதிரி மெமரிலயும், ஃப்ரீன்னு 60 எம்பி தான் காட்டுதேன்னு பயந்து பெரிய ப்ளானுக்கு மாறிடாதீங்க, காலியா இருக்கிற ராமை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்து வச்சுக்கும், தேவைப்பட்டா உடனே விட்டுக் குடுத்துடும், நீங்க பாக்க வேண்டியது ஃப்ரீ கமாண்ட்ல வர்ற அவைலபிள்ங்கிற காலம் மட்டும் தான்.

இன்னொண்ணு டாப் கமாண்ட்ல சிபியு வரியோட கடைசில எஸ்டி-ன்னு ஒரு நம்பர் இருக்கும், ஸ்டீல் டைம். உங்க விபிஎஸ்-க்கு வேலை இருந்தும் அடியில இருக்கிற பெரிய மெஷின் சிபியு தராம மத்தவங்களுக்கு குடுத்த நேரம் அது. ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனில எடுத்த மெஷின்ல சாயங்காலமானா சைட் இழுத்துக்கிட்டே இருக்கும், சப்போர்ட்ல கேட்டா உங்க ஆப்பை ஆப்டிமைஸ் பண்ணுங்கன்னு ஒரே பதில், ஸ்டீல் பாத்தா 25, 30 சதவீதம்னு நின்னுச்சு. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்புனதுக்கு அப்புறம் தான் வேற நோடுக்கு மாத்துனாங்க. உங்க பக்கம் தப்பில்லன்னு நிரூபிக்க கையில இருக்கிற ஒரே ஆதாரம் அந்த நம்பர் தான், அதை ரெக்கார்ட் பண்ற டூல் வச்சிருக்கிறது அதுக்காகவே லாபம்.

ஹெச்டாப் மாதிரியே இருக்கிற பீடாப் பத்தி கேப்பீங்க, பார்க்க ரொம்ப அழகு, சி பிளஸ் பிளஸ்ல எழுதுனது, அதுக்கு முன்னாடி இதை எழுதுனவரே இதே மாதிரி டூலை பாஷ்லயும் பைத்தான்லயும் எழுதி வச்சிருந்தாரு. டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் ஒரே ஸ்க்ரீன்ல வரும். லேப்டாப்ல வச்சுக்கோங்க. சர்வர்ல எனக்கு ஹெச்டாப்பே போதும்.

இப்போ நான் நிஜமாவே எல்லாரும் போடணும்னு ஆசைப்படுற டூலுக்கு வர்றேன், ஏடாப். ஹெச்டாப் இந்த நொடியை மட்டும் தான் காட்டும், நீங்க லாகின் பண்ற நேரத்துக்கு பிரச்சனை போயிருக்கும், எல்லாம் நார்மலா இருக்கும், என்ன நடந்துச்சுன்னே தெரியாது. ஏடாப் பின்னாடி உக்காந்து இத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மொத்த சிஸ்டத்தோட நிலைமையையும் ப்ராசஸ் வாரியா ஃபைல்ல எழுதி வச்சுக்கிட்டே வரும். டெபியன், உபுண்டு ரெண்டுலயும் ஏப்ட்ல ஒரு வரில இன்ஸ்டால் ஆயிடும், டீஃபால்ட்டா 10 நிமிஷத்துக்கு ஒரு ரெக்கார்ட், 28 நாள் வச்சுக்கும். 10 நிமிஷம் ரொம்ப நீளம், லாக் இன்டர்வலை 60 செகண்டா மாத்திடுங்க, கொஞ்சம் டிஸ்க் போகும், பரவாயில்ல.

எப்படி உதவும்னு ஒண்ணு சொல்றேன். ஒரு கிளையன்ட் சைட் விடிகாலைல கொஞ்ச நேரம் செத்துட்டு தானா எழுந்துக்கும், தினமும் இல்ல, சில நாள் மட்டும். ஆப் லாக்ல டைம்அவுட் எரர் தவிர ஒண்ணும் இல்ல. ஏடாப்ல அந்த நாளோட ஃபைலை மைனஸ் ஆர் போட்டு திறந்து, பி (b) அடிச்சு 3 மணிக்குப் போய், சின்ன டி (t) அடிச்சு ஒவ்வொரு நிமிஷமா முன்னாடி நகத்திட்டே போனேன், பெரிய டி (T) அடிச்சா பின்னாடி போகும். 3 மணி தாண்டுனதும் டிஸ்க் வரி சிவப்பாச்சு, பிஸி 100%, லோட் 14, சிபியு பாதிக்கு மேல சும்மா காத்துட்டு இருக்கு. டிஸ்க் வாரியா சார்ட் பண்ணா மேல ரெண்டு பேரு நிக்கிறாங்க, ஒண்ணு டேட்டாபேஸ் டம்ப் எடுக்கிற பேக்கப் கிரான் (நேரம் குறிச்சு வச்சா தானா ஓடுற வேலை), இன்னொண்ணு கம்ப்ரஸ் பண்ற ஜிஜிப், அதோட பேரு ரெண்டு பக்கமும் அம்புக்குறி போட்ட மாதிரி <ஜிஜிப்>-னு இருந்துச்சு. அப்படி இருந்தா அந்த நிமிஷத்துக்குள்ளயே முடிஞ்சு போன ப்ராசஸ்னு அர்த்தம். செத்துப் போன ப்ராசஸோட கணக்கையும் விடாம சேத்துக் குடுக்கிறது தான் ஏடாப்போட பெரிய பலம், மத்த டூல்ல இந்த மாதிரி நடுவுல வந்து நடுவுல போற ஆள் கண்ணுலயே படாது. பழைய லாக்கை ஒதுக்கி வைக்கிற லாக் ரொட்டேட்டும் பேக்கப்பும் ஒண்ணா மோதுற நாள்ல மட்டும் சைட் விழுந்திருக்கு. பேக்கப்பை வேற நேரத்துக்கு தள்ளி, டிஸ்க்ல மத்த வேலைக்கு வழி விடுற மாதிரி ஐயோநைஸ் போட்டு ஓட விட்டதும் சரியாச்சு.

புது வெர்ஷன்ல பிஎஸ்ஐ-ன்னு ஒரு வரியும் வரும், கெர்னல் 4.20-லேந்து இருக்கிற விஷயம், சிபியு, மெமரி, டிஸ்க் எதுக்காக வேலைகள் எத்தனை சதவீத நேரம் தேங்கி நின்னுச்சுன்னு நேரா சொல்லிடும், லோட் ஆவரேஜை விட ரொம்ப தெளிவு. ஏடாப்ல 2025 மார்ச்ல ஒரு செக்யூரிட்டி ஓட்டை வெளிய வந்துச்சு, 2.11.1-ல அடைச்சுட்டாங்க, உங்க டிஸ்ட்ரோ அப்டேட் போடாம விட்டு வச்சிருந்தா மட்டும் இன்னைக்கே போட்டுடுங்க. குறைன்னு பாத்தா அலர்ட் கிடையாது, ஸ்க்ரீன் முதல் தடவை பாக்குறவங்களுக்கு நம்பர் காடு. ஒரு மணி நேரம் உக்காந்து மேனுவல் படிச்சீங்கன்னா அந்தக் காடு பழகிடும், படிங்க, இவ்ளோ விஷயம் வேற எந்த இலவச டூலும் இவ்ளோ லேசா குடுக்காது.

க்ளான்சஸ் பத்தி சுருக்கமா. பைத்தான்ல எழுதுனது, பீஎஸ்யூடில் லைப்ரரி வச்சு ஓடும், மைனஸ் டபிள்யூ போட்டா 61208 போர்ட்ல ப்ரௌசர்ல பாக்கலாம். எல்லாம் ஒரே ஸ்க்ரீன்ல கலர் கலரா வரும், ஏபிஐ-யும் இருக்கு. ஆனா சின்ன மெஷின்ல ஓட விட்டா ஹெச்டாப்ல பாக்கும்போது மேல நிக்கிற ப்ராசஸ்கள்ல க்ளான்சஸும் ஒண்ணா இருக்கு. நான் எடுத்துட்டேன்.

நெட்டேட்டா, இதைப் பத்தி எனக்கு ரெண்டு மனசு. டெக்னிக்கலா பாத்தா அசத்தல். கோஸ்டா சௌசிஸ்ங்கிறவர் ஆரம்பிச்சது, 2016-ல பெருசா வெளிய தெரிய வந்துச்சு, சி-ல எழுதுன ஏஜென்ட், ஒவ்வொரு நொடிக்கும் டேட்டா எடுக்கும். இன்ஸ்டால் பண்ணி 19999 போர்ட் திறந்தா நீங்க ஒண்ணுமே சொல்லாம எஞ்சினெக்ஸ் இருக்கு, மைஎஸ்க்யூஎல் இருக்கு, இத்தனை கன்டெய்னர் (டாக்கர்ல தனித்தனி பொட்டியா ஓடுற ஆப்) இருக்குன்னு தானா கண்டுபிடிச்சு நூத்துக்கணக்குல சார்ட் போட்டுடும், அலர்ட்டும் ரெடிமேடா வரும், அதுவும் ஐநோட் (டிஸ்க்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு செலவாகிற பதிவு இடம்) தீருது, டிசிபி க்யூ நிரம்புதுன்னு நமக்கு தோணவே தோணாத விஷயத்துக்கெல்லாம். நிமிஷ சராசரில மறைஞ்சு போற மூணு நொடி ஸ்பைக் இதுல மட்டும் தான் தெரியும்.

ஆனா 1 ஜிபி மெஷின்ல டீஃபால்ட் செட்டிங்ல விட்டா 150 எம்பி-க்கு மேல சுலபமா போகுது, மெஷின் லேர்னிங் வச்சு அனாமலி பாக்குற பகுதியை ஆஃப் பண்ணி, கலெக்ட் பண்ற இடைவெளியை கூட்டி, வேணாத கலெக்டர் எல்லாம் நிறுத்துனா குறையும், ஆனா அதுக்கப்புறம் நெட்டேட்டா எதுக்குங்கிற கேள்வி வருது. இன்னொண்ணு லைசென்ஸ். ஏஜென்ட் ஜிபிஎல் தான், ஆனா இப்போ கூட வர்ற புது டேஷ்போர்டு ஓப்பன் சோர்ஸ் இல்ல, தனி லைசென்ஸ். திறந்ததும் கிளவுட்ல சைன்-இன் பண்ணுங்கன்னு கேக்கும், தாண்டிப் போகலாம், இருந்தாலும் கேக்கும். உபயோக விவரத்தை அவங்களுக்கு அனுப்புற டெலிமெட்ரியையும் நாம தான் தேடிப் போய் ஆஃப் பண்ணணும். அவங்களும் கம்பெனி நடத்தணும், புரியுது, ஆனா முழுசா ஓப்பன் சோர்ஸ்னு நம்பிப் போடுறவங்களுக்கு இது முன்னாடியே தெரியணும். 4 ஜிபி-க்கு மேல ராம் இருக்கிற மெஷின், உள்ள டேட்டாபேஸ் ஏதோ விநோதமா நடந்துக்குதுன்னா ரெண்டு மூணு நாளைக்கு நெட்டேட்டா போட்டுப் பாருங்க, அதுக்கு இதை விட நல்ல டூல் இல்ல.

மானிட் இதுக்கு நேர் எதிர். பழைய டூல், சி-ல எழுதுனது, சில எம்பி ராம்ல அடங்கிடும், வேற எதையும் சார்ந்து இல்ல. பாக்க வேலை செய்யுற மாதிரியே இருக்காது, ஆனா மத்த எல்லா டூலும் சொல்லிட்டு நிக்கும், மானிட் மட்டும் தான் செய்யும். எஞ்சினெக்ஸ் செத்துச்சா, எழுப்பி விடும். பிஹெச்பி எஃப்பிஎம் ராமை 400 எம்பி தாண்டி அஞ்சு சுத்தா பிடிச்சு வச்சிருக்கா, ரீஸ்டார்ட் பண்ணும். கன்ஃபிக் எழுதுறது அவ்ளோ சுலபம், இஃப் ஸ்பேஸ் யூசேஜ் > 80% தென் அலர்ட், இஃப் ஃபெய்ல்ட் போர்ட் 80 ப்ரோட்டோகால் ஹெச்டிடிபி தென் ரீஸ்டார்ட், இப்படி பேசுற மாதிரியே எழுதுனா போதும். எழுதி முடிச்சதும் மானிட் மைனஸ் டி (-t) போட்டு சின்டாக்ஸ் செக் பண்ணிடுங்க. கன்ஃபிக் ஃபைலோட பர்மிஷன் ஓனருக்கு மட்டும் இருக்கணும், இல்லன்னா ஸ்டார்ட்டே ஆகாது. 2812 போர்ட்ல ஒரு சின்ன வெப் பேஜ் இருக்கு, எல்லா டாக்குமென்ட்லயும் காட்டுற அட்மின், மானிட்ங்கிற யூசர்நேம் பாஸ்வேர்டை அப்படியே காப்பி பண்ணி வச்சிருக்கிற சர்வர்களை நான் நேர்லயே பாத்திருக்கேன், தயவுசெஞ்சு மாத்துங்க.

தானா ரீஸ்டார்ட் ஆகுறதுல ஒரு ஆபத்து இருக்கு. மெமரி லீக் இருக்கிற ஆப்பை மானிட் ராத்திரி நாலு தடவை எழுப்பி விட்டுட்டே இருக்கும், சைட் ஓடுதேன்னு யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஒரு நாள் கூட்டம் வர்ற நேரத்துல எழுப்பியும் எழுந்துக்காது. அதனால இத்தனை சுத்துல இத்தனை ரீஸ்டார்ட் ஆனா நிறுத்திட்டு சொல்லுங்கிற வரியை கண்டிப்பா சேருங்க, ரீஸ்டார்ட் மெயில் ஒவ்வொண்ணையும் படிங்க. மெயில் தான் இதோட பலவீனமும், டெலிகிராமுக்கு அனுப்பணும்னா சின்ன ஸ்க்ரிப்ட் ஒண்ணு எழுதி எக்ஸெக்-ல கூப்பிடணும். கிராஃபும் கிடையாது.

இப்போ பெஸல். கடைசியா வந்த டூல், 2024-ல வெளிய வந்துச்சு, கோ லாங்குவேஜ்ல எழுதுனது, எம்ஐடி லைசென்ஸ், உள்ள பாக்கெட்பேஸ்ங்கிற குட்டி பேக்கெண்ட் வச்சு ஓடுது. எனக்கு இப்போ தினசரி இது தான். எல்லாத்தையும் சேத்துக் காட்டுற ஹப்னு ஒண்ணு, சர்வர்ல உக்காந்து நம்பர் குடுக்கிற ஏஜென்ட்னு ஒண்ணு. ஹப்பை ஒரே ஒரு இடத்துல போடுங்க, 8090 போர்ட், ஒவ்வொரு சர்வர்லயும் ஏஜென்ட். சர்வர் சேக்கணும்னா ஹப்ல ஆட் சிஸ்டம் கிளிக் பண்ணா பப்ளிக் கீயோட சேத்து இன்ஸ்டால் கமாண்டையும் அதுவே குடுத்துடும், காப்பி பண்ணி ஒட்டுனா முடிஞ்சுது. முதல்ல ஹப் தான் 45876 போர்ட் வழியா ஏஜென்ட்டைத் தேடிப் போகும், பின்னாடி வந்த வெர்ஷன்ல ஏஜென்ட்டே டோக்கன் வச்சு ஹப்புக்கு வெப்சாக்கெட் போட்டு பேசிக்கும், அதனால சர்வர் பக்கம் ஒரு போர்ட் கூட திறக்க வேண்டியதில்ல. என்னோட மெஷின்கள்ல ஏஜென்ட் 20 எம்பி-யை ஒட்டி தான் நிக்குது, சிபியு இருக்கிறதே தெரியல.

குடுக்கிறது என்னன்னா சிபியு, மெமரி, டிஸ்க், டிஸ்க் ஐஓ, நெட்வொர்க், லோட், டெம்பரேச்சர், அப்புறம் முக்கியமா டாக்கர் கன்டெய்னர் ஒவ்வொண்ணும் எவ்ளோ ராம் எடுக்குதுங்கிற கிராஃப். நிமிஷத்துக்கு ஒரு பாயின்ட், பழசாக ஆக சுருக்கி சுருக்கி 30 நாள் வரைக்கும் வச்சுக்கும். எல்லா சர்வரும் ஒரே டேபிள்ல ஒரு வரி ஒரு வரியா, காலைல காபி குடிக்கிற நேரத்துல போன்ல ஒரு தடவை பாத்தா போதும். அலர்ட் தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, மெமரி 90 சதவீதத்தை தாண்டுனா சொல்லுன்னு மட்டும் இல்ல, பத்து நிமிஷ சராசரி தாண்டுனா சொல்லுன்னு வைக்கலாம், ஷவுட்டர்ங்கிற லைப்ரரி வழியா டெலிகிராம், டிஸ்கார்ட், கோட்டிஃபை எதுக்கு வேணா போகும், மெயிலும் போகும்.

குறை இருக்கு. கன்டெய்னர் வரைக்கும் தான் காட்டும், அதுக்குள்ள எந்த ப்ராசஸ்னு சொல்லாது, அதனால தான் ஏடாப் கூடவே வேணும்னு சொல்றேன், பெஸல்ல எப்போன்னு பாத்துட்டு ஏடாப்ல யாருன்னு பாக்குறது தான் என் பழக்கம். ஏஜென்ட்டை டாக்கர்ல ஓட்டுனா ரெண்டாவது டிஸ்க்கை தனியா மவுன்ட் பண்ணிக் காட்டுனா தான் தெரியும், நேரா சிஸ்டம்டி சர்வீஸா போடுறது நல்லது. இன்னொண்ணு டிஸ்க் சதவீதம், இது பெஸல் குறைன்னு சொல்ல முடியாது, ஆனா தெரிஞ்சுக்கோங்க. டிஸ்க் 55 சதவீதம் தான்னு கிராஃப் சொல்லும், சர்வர்ல ஃபைல் எழுதப் போனா நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்னு எரர் வரும். ஐநோட் தீந்து போயிருக்கும். பிஹெச்பி செஷன் ஃபைல் லட்சக்கணக்குல குட்டி குட்டியா சேந்து போனா இப்படி ஆகும், டிஎஃப் மைனஸ் ஐ போட்டா தான் 100% தெரியும். மானிட்ல இஃப் ஐநோட் யூசேஜ்னு ஒரு வரி எழுதிடலாம், நெட்டேட்டா கேக்காமயே பாத்துக்கும். அதே மாதிரி லாக் ஃபைலை டெலீட் பண்ணியும் இடம் திரும்ப வரலன்னா ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வச்சிருக்குன்னு அர்த்தம், எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 போட்டா யாருன்னு காட்டும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணா இடம் வந்துடும்.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் சர்வருக்கு உள்ள இருந்து பாக்குறது, பெஸல் ஹப் ஒண்ணு தான் வெளிய வைக்கிறது. ஆனா ஹப்புக்கும் மெஷின் உயிரோட இருக்கான்னு தான் தெரியும், உங்க வெப்சைட் கஸ்டமருக்கு திறக்குதான்னு தெரியாது. கடைக்குள்ள வச்சுப் பூட்டுன வாட்ச்மேன், கடையில தீப்பிடிச்சா யாருக்குப் போய் சொல்லுவாரு? அதுக்குத் தான் அப்டைம் குமா. லூயிஸ் லாம் எழுதுனது, 2021-ல வந்துச்சு, நோட் ஜேஎஸ்ல ஓடும், 3001 போர்ட். ராம் 100 எம்பி சுத்தி எடுக்கும், ஆனா இதை நீங்க பாக்குற சர்வர்லயே போடவே கூடாது, வேற கம்பெனி, வேற டேட்டா சென்டர்ல இருக்கிற இன்னொரு சின்ன மெஷின்ல போடுங்க. வீட்ல ராஸ்பெர்ரி பை இருந்தா அதுலயும் போடலாம், ஆனா கரண்ட்டோ நெட்டோ போனா எல்லா சைட்டும் ஒரே நேரத்துல செத்துடுச்சுன்னு மெசேஜ் கொட்டும், ரீட்ரை எண்ணிக்கையை மூணா வச்சா கொஞ்சம் அடங்கும்.

குமால ஹெச்டிடிபி 200 வருதான்னு மட்டும் பாக்குறது எல்லாரும் பண்றது. கீவேர்ட் மானிட்டர் வைங்க, அதாவது வெப் பேஜுக்குள்ள இந்த வார்த்தை இருக்கணும்னு சொல்றது, ஏன்னா 200 வரும், பக்கம் காலியா இருக்கும், அப்படி எத்தனையோ தடவை நடக்கும். அப்புறம் சர்டிஃபிகேட். லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிஃபிகேட் 90 நாள் தான், முன்னாடி எக்ஸ்பைரி ஆகப் போகுதுன்னு மெயில் அனுப்பிட்டு இருந்தாங்க, 2025 ஜூன்லேந்து அதை நிறுத்திட்டாங்க. சர்டிஃபிகேட்டை தானா புதுப்பிக்கிற செர்ட்பாட் ரினியூ எங்கயாவது சத்தமில்லாம நின்னு போயிருந்தா இனிமே கஸ்டமர் சொல்லித் தான் தெரியும். குமால சர்டிஃபிகேட் எக்ஸ்பைரிக்கான அந்த ஒரு டிக் போட்டு விட்டா 21, 14, 7 நாள் இருக்கும்போது சொல்லிடும்.

இதை விட நான் பெருசா நினைக்கிறது புஷ் மானிட்டர். குமா ஒரு யூஆர்எல் குடுக்கும், உங்க பேக்கப் ஸ்க்ரிப்ட் நல்லபடியா முடிஞ்சதுக்கு அப்புறம் கடைசி வரில கர்ல் வச்சு அந்த யூஆர்எல்லை தட்டணும், ஒரு நாளைக்குள்ள தட்டல் வரலன்னா குமா உங்களைத் தட்டும். சர்வர் செத்தா எப்படியும் தெரிஞ்சுடும், பேக்கப் செத்தா தான் தெரியாது, தேவைப்படுற அன்னைக்கு தான் தெரியும். இதுக்கு மட்டும்னு ஹெல்த்செக்ஸ்னு தனி ஓப்பன் சோர்ஸ் டூலும் இருக்கு, ஜாங்கோல எழுதுனது, கிரான் வேலை நெறைய இருந்தா அது இன்னும் நல்லா இருக்கும். சும்மா பத்து இருபது கிரான்னா குமாவே தாராளம். குமா பழைய வெர்ஷன்ல எஸ்க்யூலைட் மட்டும் தான், மானிட்டர் நெறைய வச்சு ஹிஸ்டரியும் நீளமா வச்சா இழுக்கும், 2-வது வெர்ஷன்ல மரியாடிபி-யும் வச்சுக்கலாம்.

முனின் இன்னும் சிலர் ஓட்டுறாங்க, பெர்ல்ல எழுதுன பழைய டூல், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பாயின்ட், சைஸ் கூடாத ஆர்ஆர்டி ஃபைல்ல போடுறதால ஒரு வருஷ கிராஃப் கூட இடம் பிடிக்காம நிக்கும். வருஷக் கணக்குல டிஸ்க் எப்படி நிரம்புதுன்னு பாக்க இன்னைக்கும் உபயோகமான டூல் தான், புதுசா போடுறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ப்ரொமீதியஸ் சவுண்ட்கிளவுட்ல 2012-ல ஆரம்பிச்சு 2016-ல சிஎன்சிஎஃப்-ங்கிற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்குள்ள குபர்னெட்டிஸுக்கு அடுத்த ரெண்டாவது ப்ராஜெக்ட்டா போனது, அதோட நோட் எக்ஸ்போர்ட்டர் மட்டும் பாத்தா ரொம்ப லேசு தான், 9100 போர்ட்ல சும்மா நிக்கும். கனம் எல்லாம் அதை சேத்து வைக்கிற இடத்துலயும் கிராஃபானாலயும் தான். சர்வர் எண்ணிக்கை கூடி, ஆப்புக்கு உள்ள இருந்தே ஆர்டர் எத்தனை, க்யூல எத்தனைன்னு நம்பர் எடுக்கணும்னு வந்துட்டா அப்போ தனி மெஷின் ஒண்ணு ஒதுக்கி அங்க போங்க, அதுக்கு முன்னாடி அவசரப்பட வேணாம்.

எந்த டூல் போட்டாலும் அலர்ட் வைக்கிறதுல கை கட்டுப்பாடு வேணும். சிபியு ஒரு நிமிஷம் 100 போச்சுன்னு மெசேஜ் வந்தா ஒரு வாரத்துல அந்த டெலிகிராம் குரூப்பை ம்யூட் பண்ணிடுவீங்க, ம்யூட் பண்ணதுக்கு அப்புறம் டூல் இருந்தும் ஒண்ணு தான் இல்லாததும் ஒண்ணு தான். நான் வச்சிருக்கிறது டிஸ்க் 80 தாண்டுனா, மெமரி பத்து நிமிஷ சராசரி 90 தாண்டுனா, லோட் கால் மணி நேரமா கோர் எண்ணிக்கையை போல ரெண்டு மடங்கு நின்னா, சைட் திறக்கலன்னா, பேக்கப் வரலன்னா, சர்டிஃபிகேட் முடியப் போகுதுன்னா, அவ்ளோ தான். மெசேஜ் வந்தா எழுந்து ஏதாவது செய்யணும், செய்யறதுக்கு ஒண்ணும் இல்லாத மெசேஜ் எதுவோ அதை அன்னைக்கே எடுத்துடுவேன்.

1 ஜிபி மெஷின் ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கீங்கன்னா மானிட்டும் ஏடாப்பும் அதுல போட்டு, குமாவை வெளிய எங்கயாவது வைங்க. மூணு நாலு மெஷின் ஆச்சுன்னா பெஸல் சேத்துக்கோங்க, ஹப்பும் குமாவும் ஒரே வெளி மெஷின்ல தாராளமா அடங்கும்.

போடும்போது போர்ட்டை கவனிங்க. டாக்கர்ல குமாவோ பெஸல் ஹப்போ போட்டு போர்ட் பப்ளிஷ் பண்ணா டாக்கர் தானே நேரா ஐபிடேபிள்ஸ்ல ரூல் எழுதிடும், நீங்க யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல டினை போட்டு வச்சிருந்தாலும் அந்த போர்ட் இன்டர்நெட்டுக்கே திறந்து கிடக்கும், யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் பாத்தா மூடியிருக்கிற மாதிரியே காட்டும். அதனால 127.0.0.1:3001-னு லோக்கலுக்கு மட்டும் கட்டி, முன்னாடி எஞ்சினெக்ஸும் ஹெச்டிடிபிஎஸும் வச்சோ, இல்ல எஸ்எஸ்ஹெச் டனல் போட்டோ பாருங்க. எல்லாம் முடிஞ்சதும் போன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால இருந்து சர்வர் ஐபி-யும் அந்த போர்ட்டும் அடிச்சுப் பாருங்க, பக்கம் திறந்துச்சுன்னா கன்ஃபிக்ல இன்னும் வேலை இருக்கு.